யார் வரையச் சொன்ன முகம்?

1868ஆம் ஆண்டில் இரண்டு அரச முகங்கள் படமாயின. ஒன்று திருவனந்தபுரத்தில். ஆயில்யம் திருநாள் மகாராஜாவையும் அரச குடும்பத்தினரையும் வரைவதற்காகத் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அந்த ஆண்டு திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தார். மகாராஜா தமக்கு உகந்த உடையில், தமக்கு உகந்த நேரத்தில் அவர்முன் அமர்ந்தார். மற்றொன்று எத்தியோப்பியாவின் மகதலா மலைக்கோட்டையில். ஏப்ரல் 13 அன்று பிரிட்டிஷ் படை கோட்டைக்குள் நுழைந்தபோது, பிடிபட மனமில்லாத பேரரசர் இரண்டாம் தேவோத்ரோஸ் துப்பாக்கியால் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். படையோடு வந்திருந்த பிரிட்டிஷ் அருங்காட்சியக அலுவலர் ரிச்சர்ட் ஹோம்ஸ், உயிர் போன அந்த முகத்தைப் பென்சிலால் வரைந்தார். அந்தப் படத்துக்குச் சம்மதம் கேட்க அங்கே ஆளில்லை.

எத்தியோப்பியப் பேரரசர்கள், இளவரசர்கள், படைத்தலைவர்களின் பழைய அச்சுப்படங்களைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. சிங்கப் பிடரி சூடிய தலைகள், பொன்வேலை செய்த மேலங்கிகள், நிமிர்ந்த பார்வை: சுவருக்கு இவை தரும் கம்பீரத்தில் ஐயமில்லை. திருவனந்தபுரத்து வீட்டுக்கு இவை பொருந்துமா என்று கேட்டால், இந்தியாவின் வேறெந்த நகரத்தையும்விட நன்றாகவே பொருந்தும் என்பேன். ஆனால் சட்டத்தின் நிறத்தையும் சுவரின் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். இந்த முகத்தை வரையச் சொன்னது யார்?

இந்தக் கேள்வியின் கனம் திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. வீட்டுச் சுவரில் அச்சுப்படம் மாட்டும் பழக்கத்தை நாடு முழுக்கக் கொண்டுபோன மனிதர் இந்த நகரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூரில் 1848இல் பிறந்த ஓவியர் இரவி வர்மா. ஜென்சன் வந்த ஆண்டில் அவருக்கு இருபது வயது. அரண்மனை ஓவியராக இருந்த இராமசாமி நாயக்கர் எண்ணெய்ச்சாய நுட்பத்தைச் சொல்லித்தர முன்வரவில்லை. அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ஆசானுக்குத் தெரியாமல் இளைஞருக்கு உதவினார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஜென்சனும் கற்றுத்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்துக் கற்ற அந்த வித்தை 1873இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றது.

அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தவர் ஒரு கும்பகோணத்துக்காரர். திருவிதாங்கூரிலும் பிறகு பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் நகலெடுக்கும்படி இரவி வர்மாவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு ஜோடிக் கை எத்தனை வீட்டுக்குத்தான் வரையும் என்பது அவர் கவலை. இரவி வர்மா இன்னும் ஒருபடி மேலே போய் 1894இல் பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு. அச்சகம் பின்னர் லோனாவ்லாவுக்கு அருகேயுள்ள மளவ்லிக்குப் போனது. கடைசியில் ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறியது. கடன் சுமையில் கைவிட்டதுதான் என்றாலும், அதற்குள் இலட்சுமியும் சரசுவதியும் எளிய வீடுகளின் சுவருக்கே வந்துவிட்டார்கள். தெய்வங்களுக்குப் பக்கத்தில் மகாராஜா படம், பிறகு நாராயண குரு படம், பிறகு வீட்டுப் பெரியவர்களின் புகைப்படம் என்று இந்த நகரத்துப் பழைய வீடுகளின் சுவர்வரிசை அமைந்தது. வீட்டின் முன்திண்ணையான பூமுகத்தின் உத்தரத்துக்குக் கீழே, பார்ப்பவரை நோக்கிச் சற்றே குனிந்தாற்போல மாட்டிய அந்தச் சட்டங்களை இன்றும் பார்க்கலாம்.

திருவிதாங்கூர் அரசர்கள் தங்கள் முகம் எங்கே, எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். எங்கே தோன்றக் கூடாது என்பதையும்கூட. 1888இல் வெளிவந்த திருவிதாங்கூரின் முதல் அஞ்சல்தலையில் அரசர் முகம் இல்லை, வலம்புரிச் சங்குதான் இருந்தது. நாட்டை 1750இல் பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, பத்மநாப தாசராக ஆண்ட மரபு அது. ஆளும் தெய்வத்தின் சின்னத்துக்கு இடம் கொடுத்து அரசர் பின்னால் நின்றார். சித்திரைத் திருநாள் காலத்தில்தான் மகாராஜாவின் முகம் அஞ்சல்தலைக்கு வந்தது. அவர் 1935இல் திறந்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. இரவி வர்மா படங்களை ஊர்மக்கள் நேரில் பார்க்க அதுவே வழி செய்தது.

அந்த வளாகத்தின் நடுவே நிற்கும் நேப்பியர் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போக வேண்டும். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880இல் முடிந்த அந்தக் கட்டடம், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நேப்பியரின் பெயரைத் தாங்கியது. மகதலாவைப் பிடித்தவர் ராபர்ட் நேப்பியர், பம்பாய்ப் படையின் தலைவர். இருவரும் ஒரே காலத்தில் இந்தியாவில் பதவியில் இருந்ததால் வந்த மயக்கம் இது. திருவனந்தபுரத்துக் கட்டடத்துக்கும் மகதலாவுக்கும் தொடர்பில்லை.

இந்திய மண்ணுக்கு மட்டும் அந்தப் போரோடு தொடர்பு உண்டு. படை புறப்பட்டது பம்பாயிலிருந்து. சுமார் 13,000 வீரர்கள், அவர்களைவிட இரு மடங்கு பணியாட்கள், பீரங்கி சுமக்க இந்தியாவிலிருந்தே கப்பலேற்றிய 44 யானைகள். சென்னை சாப்பர்ஸ் பொறியாளர் படையும் போனது. அதன் போர்ப் பெருமைகளில் எத்தியோப்பியாவின் பழைய பெயரான அபிசீனியா இன்றும் இடம்பெறுகிறது. பாதை வெட்டியவர்களிலும் தண்ணீர் இறைத்தவர்களிலும் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். கோட்டை விழுந்ததும் பேரரசரின் நூல்கள், மகுடங்கள், தேவாலயப் பாத்திரங்கள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டன. சுமக்க 15 யானைகளும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. வழியில் தலாந்தா சமவெளியில் இரண்டு நாள் ஏலம் நடந்தது. முகம் வரைந்த ஹோம்ஸ், பேரரசர் போற்றிய முள்முடி சூடிய கிறிஸ்து ஓவியத்தைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். எத்தியோப்பியர் புனிதமாகக் கொண்ட அந்தப் படம் இலண்டனில் ஒரு தனிமனிதரின் உடைமையானது.

இன்று பழம்படச் சந்தையில் கிடைக்கும் எத்தியோப்பிய அச்சுகளில் பெரும்பகுதி இந்தப் போரின் விளைச்சல். இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் 1867, 1868இல் வாராவாரம் அபிசீனியப் படங்களை வெளியிட்டது. வில்லியம் சிம்ப்சன் போன்ற ஓவியர்கள் களத்துக்கே அனுப்பப்பட்டார்கள். படம் கட்டையில் செதுக்கப்பட்டு, பத்தி எழுத்தோடு சேர்த்துக் கறுப்பு மையில் அச்சாகும். தேவோத்ரோஸின் முகமாக அன்று ஐரோப்பாவில் உலவியவற்றில் பல, அவரை ஒருநாளும் பார்த்திராதவர்கள் கற்பனையாக வரைந்தவை. படையெடுப்புக்கு முன்னால் வந்தவற்றில் புருவம் நெரிந்து கண் பிதுங்கியிருக்கும். போருக்குப் போகும் நாடு தன் மக்களுக்குக் காட்ட விரும்பிய முகம் அது. தமிழ் வீட்டில் அதை மாட்டினால் நாமும் அந்தக் கண்ணாலேயே பார்க்கத் தொடங்குவோம்.

அந்த ஆண்டின் படங்களில் என்னை மிகவும் கலங்கவைப்பது ஒரு சிறுவனுடையது. தேவோத்ரோஸின் மகன் அலெமாயெஹு. தந்தை இறந்தபோது ஏழு வயதை எட்டவிருந்தான். தாய் திருவொர்க் பயண வழியிலேயே இறந்தார். பிரிட்டிஷ் படை அதிகாரி கேப்டன் ஸ்பீடியின் பொறுப்பில் இங்கிலாந்து சேர்ந்த பையனை, வைட் தீவில் ஜூலியா மார்கரெட் கேமரன் புகைப்படம் எடுத்தார். கேமரன் கல்கத்தாவில் பிறந்தவர், பின்னாளில் இலங்கையில் இறந்தவர். படத்தில் பையன் எத்தியோப்பிய உடையில், கழுத்தில் மாலையோடு அமர்ந்திருக்கிறான். கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. கலையாக மிக உயர்ந்த படம். ஆனால் அந்த உடையை அணியச் சொன்னவர்களும் அந்த இடத்தில் உட்காரச் சொன்னவர்களும் பிறர். ஸ்பீடியோடு சில காலம் இந்தியாவிலும் இருந்த அலெமாயெஹு, மறுபடி இங்கிலாந்தில் பள்ளி, இராணுவக் கல்லூரி என்று அலைக்கழிந்து 1879இல் பதினெட்டு வயதில் லீட்ஸில் இறந்தார். வின்சரில் அடக்கம் செய்தார்கள். உடலெச்சத்தைத் திருப்பித் தரும்படி வந்த வேண்டுகோளை 2023இல் பக்கிங்காம் அரண்மனை மறுத்தது. அவருடைய தந்தையின் தலைமுடிக் கற்றைகளை இலண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகம் 2019இல் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

தேவோத்ரோஸுக்குப் பின் முப்பது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. இரண்டாம் மெனெலிக் தம் முகத்தைத் தாமே அச்சுக்குக் கொடுத்த பேரரசர். 1894இல் பாரிசில் அவருக்காக அச்சான முதல் எத்தியோப்பிய அஞ்சல்தலைகளில் மகுடம் சூடிய அவர் முகம் இருக்கிறது. பிரான்சின் பெயர்பெற்ற செதுக்குக் கலைஞர் முஷோன் செய்த வேலை. அதே காலத்தில் நாணயத்திலும் முகம் வந்தது. 1896 மார்ச் 1 அன்று அத்வா போரில் இத்தாலியப் படையை முறியடித்தபின் ஐரோப்பிய இதழ்கள் அவரை அட்டைப்படமாக்கின. பாரிசின் லெ பெத்தி ஜூர்னால் வண்ணத்தில் வெளியிட்டது. இலண்டனின் வேனிட்டி ஃபேர் 1897இல் கல்லச்சுக் கேலிச்சித்திரமாகப் போட்டது. கேலியென்றாலும் தேவோத்ரோஸைப் போட்ட தொனி இல்லை, வென்ற அரசருக்கு உரிய மரியாதை கோட்டில் இருந்தது. அரசவைக்கு ஆர்மேனியரான பெத்ரோஸ் பொயாஜியான் புகைப்படக் கலைஞராக வந்து சேர்ந்தார். மகன்மாரும் அந்தப் பணியைத் தொடர்ந்து ஹைலே செலாசி காலம்வரை பேரரசர்களைப் படமெடுத்தார்கள். திருவிதாங்கூர் மகாராஜா ஜென்சன்முன் அமர்ந்ததைப் போல இவர்களும் தங்கள் விருப்பப்படி அமர்ந்தார்கள். வீட்டுச் சுவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்தக் குடும்பம் எடுத்த புகைப்படங்களின் அச்சுகளையே.

இரண்டாவதாக, எத்தியோப்பியர்கள் தாங்களே வரைந்த அத்வா போர் ஓவியங்கள். இவற்றைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மேல்நடுவில் குதிரைமீது புனித ஜார்ஜ். ஒரு பக்கம் மெனெலிக், பேரரசி தைத்து, படைத்தலைவர்கள், எதிர்ப்பக்கம் இத்தாலியர். எத்தியோப்பிய வீரர்களின் முகங்கள் நம்மை நோக்கி, இரண்டு கண்ணும் தெரியும்படி இருக்கும். இத்தாலியர்களுக்குப் பக்கவாட்டு முகம், ஒரு கண் மட்டும். அந்த நாட்டுத் தேவாலய ஓவிய மரபில் நல்லவருக்கு இரு கண், தீயவருக்கு ஒரு கண். யூதாசும் சாத்தானும் பக்கவாட்டில்தான் வருவார்கள். படத்தைப் பார்ப்பவர் இதை அறிந்துகொண்டால், யார் எந்தக் கட்சி என்பதைச் சொல்ல வேறு குறிப்பே வேண்டாம். வடிவிலும் வண்ணத்திலும் நம் தஞ்சாவூர்ப் படங்களோடு கூச்சமின்றி ஒரே அறையில் நிற்கும். அகன்ற கண்ணும் நேர்ப்பார்வையும் நமக்குப் பழகியவைதானே.

இந்தக் கண்விதியை மனத்தில் கொண்டு இந்திய ஓவியத்துக்கு வந்தால் ஒரு சங்கடம் எழுகிறது. எத்தியோப்பிய மண்ணில் பிறந்து இந்தியாவில் பெருங்குடி மக்களாக உயர்ந்தவர்களின் சித்திரங்கள் நம்மிடம் இருக்கின்றன. தலைசிறந்தவர் மாலிக் அம்பர். 1548 வாக்கில் பிறந்து, சிறுவனாக விற்கப்பட்டு, அரபு நாடுகள் வழியே தக்காணம் வந்து, அகமதுநகர் அமைச்சர் சிங்கிஸ் கானுக்கு அடிமையானவர். அந்த அமைச்சரும் எத்தியோப்பியரே. எசமானர் இறந்தபின் விடுதலையாகி, படை திரட்டி, 1600க்குப் பிறகு அகமதுநகரின் உண்மையான ஆட்சியாளரானார். பிற்காலத்தில் ஔரங்காபாத் ஆன கட்கி நகரை 1610இல் நிறுவி, நிலத்தடிக் கால்வாய்களால் தண்ணீர் கொண்டுவந்தார். முகலாயரால் அவரைக் கடைசிவரை முழுமையாக அடக்க முடியவில்லை. 1626இல் முதுமையில் இயற்கையாக இறந்தார். கல்லறை குல்தாபாத்தில் இருக்கிறது.

முகலாய ஓவியர் ஹாஷிம் வரைந்ததாகக் கொள்ளப்படும் அவருடைய படம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. வெள்ளை ஆடை, வாள், சலனமற்ற பக்கவாட்டு முகம். எத்தியோப்பிய மரபில் இது தீயவனுக்கு உரிய நிலை. முகலாய மரபிலோ பெருமக்களுக்கு உரிய நிலை. ஜஹாங்கீரே தம்மைப் பக்கவாட்டில்தான் வரையவைத்தார். ஆகவே ஹாஷிமின் படத்தில் அவமதிப்பு இல்லை. அவமதிப்பு வேறொரு படத்தில் இருக்கிறது. 1616 வாக்கில் அபுல் ஹசன் வரைந்து இப்போது டப்ளினின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கும் அந்த ஓவியத்தில், உலக உருண்டைமேல் நிற்கும் ஜஹாங்கீர், ஈட்டியில் செருகிய மாலிக் அம்பரின் தலைமீது அம்பு எய்கிறார். அருகே ஆந்தை. நடக்காத வெற்றி அது. களத்தில் முடியாததைப் பேரரசர் தாளில் செய்து முடித்தார். நுணுக்கமான ஓவியம்தான், ஆனாலும் என் வீட்டுச் சுவரில் அதற்கு இடமில்லை. ஹாஷிமின் படத்துக்கு உண்டு. பீஜப்பூர் சுல்தானுக்குப் பின்னால் யானைமேல் அமர்ந்திருக்கும் எத்தியோப்பிய அமைச்சர் இக்லாஸ் கானின் படத்துக்கும் உண்டு.

எத்தியோப்பியாவோடு கேரளத்துக்கு உள்ள உறவு ஓவியத்தோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹைலே செலாசி பள்ளிகளை விரிவாக்கியபோது இந்திய ஆசிரியர்கள் திரளாகப் போனார்கள். அவர்களில் மலையாளிகளின் பங்கு பெரிது, தமிழரும் இருந்தனர். 1947இலேயே ஆசிரியராகப் போனவர் திருப்பூணித்துறையில் பிறந்த பால் வர்கீஸ். பேரரசர் இந்தியா வந்து சென்ற 1956ஆம் ஆண்டையொட்டி அவருடைய ஆலோசகராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் என்று உலகப் புகழ் பெற்றார். அந்தத் திருச்சபையும் எத்தியோப்பியத் திருச்சபையும் ஒரே குடும்பம். 1965இல் பேரரசர் அடிஸ் அபாபாவில் கூட்டிய மாநாட்டில் கீழைத் திருச்சபைகளின் தலைவர்கள் ஒன்றாக அமர்ந்தார்கள். 1974இல் ஆட்சி கவிழ்ந்தபின் ஆசிரியர்கள் படிப்படியாகத் திரும்பினார்கள். அந்தக் குடும்பங்களின் பெட்டிகளில் இருக்கும் பேரரசர் படமும், பள்ளி விழாப் புகைப்படங்களும், பழைய எத்தியோப்பியப் பணத்தாளின் முகமும் எந்த ஏலக்கடை அச்சையும்விட இந்த நகரத்தின் சுவருக்கு உரிமையுள்ளவை. அவற்றை எடுத்து நல்ல தாளில் நகல் எடுப்பதே முதல் வேலை.

விலைக்கு வாங்குபவர்கள் கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கற்று, மணல் தூவியதுபோல் இருக்கும். வரிசையாக, சிறு பூப்போல அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் நகல். இலஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸின் போர்ப் படங்கள் கறுப்பில் அச்சானவை. அவற்றில் வண்ணம் இருந்தால் பெரும்பாலும் பின்னாளில் கடைக்காரர் கையால் பூசியது. பக்கத்தின் பின்புறம் இதழின் எழுத்து இருக்க வேண்டும். நகல் என்று தெரிந்தே நகல் வாங்குவதில் குறையேதும் இல்லை. இரவி வர்மாவின் அச்சகம் வாழ்ந்ததே நகலால்தான்.

திருவனந்தபுரத்துக் காற்று தாளுக்குப் பகை. தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி ஓய்ந்து சுவர் உலர்வதற்குள் வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷம் வந்துவிடும். வெளிச்சுவரின் உட்பக்கத்தில் படம் மாட்டினால் ஒரே பருவத்தில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். வீட்டின் நடுச்சுவரே பாதுகாப்பு. அச்சுத்தாள் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் அமிலமில்லாத அட்டை வேண்டும். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். மலிவான அட்டையை முதுகுக்கு வைத்தால் இராமபாணப் பூச்சியும் கரையானும் தேடி வரும். சாலைக் கடைத்தெருவில் படத்துக்குக் கண்ணாடி போட்டுத் தருபவர்களிடம் இவற்றை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்; சொன்னால் செய்து தருவார்கள்.

இவ்வளவும் செய்தபின் பெயர் எழுதாமல் மாட்டக்கூடாது. பழைய அச்சுகளில் பலவற்றுக்கு அடியில் 'அபிசீனியத் தலைவர்' என்று மட்டும் இருக்கும். பெயரைக் கண்டுபிடிக்க உடை உதவும். தலையில் சிங்கப் பிடரி என்றால் போரில் பெயரெடுத்தவர். கீழோரம் கிழித்துத் தொங்கவிட்ட தோள்மேலங்கியும் படைத்தலைவர்களின் அணி. ராஸ் என்பது மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்று, அதற்குக் கீழே தெஜாஸ்மாச், பிறகு ஃபிதாவ்ராரி. அச்சின் பின்பக்கத்தில் உள்ள செய்தியிலிருந்து இதழின் தேதி தெரிந்தால், அதே இதழின் கட்டுரைப் பகுதியில் ஆளின் பெயர் கிடைக்க வாய்ப்புண்டு. பழைய தொகுதிகள் இன்று கணினியிலேயே தேடிப் பார்க்கக் கிடைக்கின்றன. பெயர், பட்டம், ஆண்டு, வரைந்தவர், வரையச் சொன்னவர் என்ற ஐந்தையும் சட்டத்தின் கீழே தமிழிலோ மலையாளத்திலோ எழுதி ஒட்டிவிட்டால் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த முகம் ஓர் ஆளாகத் தெரியும். ஐந்தில் கடைசிக்கு விடை 'அவரை வென்றவர்' என்று வருமானால், அதையும் மறைக்காமல் அப்படியே எழுத வேண்டும்.